செல்மர் உட்கார்ந்த இடத்து வானிலை

கொரியப் போர் முடிந்த ஆண்டிலிருந்து, கரண்டி ஏரிக் கரையில் மான் வேட்டைக்கு ஏற்ற வானிலை செல்மர் ட்வெய்ட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும்தான் இறங்குகிறது. அவர் நகர்ந்தால் அதுவும் நகரும். அவருக்குச் சுடத் தெரியாது என்பதை அது இதுவரை பொருட்படுத்தியதில்லை.

எது ஏற்ற வானிலை என்பதில் வட மின்னசோட்டாவில் இரண்டு பேர் முழுக்க ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. மேற்குக் கரையில் வேட்டைக் குடில் வைத்திருந்த ஹார்லன் பிரெக்கேவுக்கு, முந்தின இரவே குளிரலை ஊரைக் கடந்து போயிருக்க வேண்டும், காலையில் காற்றழுத்தமானியின் ஊசி ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். குடில் சுவரில் மாட்டியிருந்த பித்தளைக் காற்றழுத்தமானியை, சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவரைப் போல நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பி குடிப்பார். கிழக்குக் கரையில் போலந்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த ஸ்டாஷ் வோய்டிக், பனிப்புயலுக்கு முந்தின மப்பான பிற்பகல்தான் உத்தமம் என்பான். கடையடைப்புக்கு முந்தின நாள் சாமான் வாங்க ஓடும் சனத்தைப் போல மான்கள் அப்போதுதான் தீனி தேடிக் கிளம்பும் என்பது அவன் கட்சி. ஆனாலும் சில விஷயங்களில் இரண்டு கரைக்கும் தகராறு இல்லை. தடம் பதியவும் சருகுச் சத்தத்தை அமுக்கவும் விரல் ஆழத்துக்குப் புதுப்பனி வேண்டும். வாத்து இறகு ஒன்றை அசைக்கிற அளவுக்கு வடமேற்குக் காற்று வேண்டும், அது திசை மாறக் கூடாது. மூக்குமுடி ஒட்டிக்கொள்கிற குளிர் வேண்டும். தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசி, மூடுபனியும் தூறலும் கொண்டுவருகிற நாளில் மான் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. உருகி மறுபடி உறைந்த பனியில் நடந்தாலோ அப்பளக் கூடைக்குள் நடந்த மாதிரி ஊரெல்லாம் கேட்கும்.

செல்மர் ஒருவருக்குத்தான் பிடித்த வானிலை என்று எதுவும் கிடையாது. சீட்டாட்டத்தின் நடுவே யாராவது கேட்டால், "எது வந்தாலும் எங்கிட்ட கோட்டு ஒண்ணுதானே இருக்கு" என்பார். வானிலை இதைக் காதில் வாங்கியிருக்கும் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். வேறு காரணம் யாருக்கும் கிடைக்காததால் அதுவே நிலைத்துவிட்டது.

செல்மர், ஹார்லனின் தங்கை வெர்னாவைக் கட்டியவர். அந்த வகையில்தான் குடிலில் அவருக்கு ஒரு கட்டில். குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனை நிற்க வைத்து, அவன் சட்டையின் பின்பக்கத்தில் கால்சட்டைக்குள் செருகுகிற நீட்டுத் துண்டைக் கத்தரித்து, சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அதற்குச் சட்டைவால் என்று பேர். மற்றவர்களுடைய வால் ஒன்றோ இரண்டோ அங்கே தொங்கியது. செல்மருடையவை வடக்குச் சுவரை முழுசாக மூடியிருந்தன: கட்டம் போட்டது, கோடு போட்டது, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையினுடையது என்று. மரச்சுவர் விரிசலில் வரும் குளிரை அவை தடுத்ததால் அவர் குறி தவறுவதைப் பற்றி யாரும் பெரிதாகக் குறைப்பட்டதில்லை. ஒவ்வொரு வேட்டைக்காலம் முடிந்ததும் வெர்னா அந்தச் சட்டைக்கு மாவு மூட்டைத் துணியில் ஒட்டுப் போடுவாள். "சர்ச்சுல குனியாதீங்க, மாவு மில்லு பேரு தெரியுது" என்பாள். செல்மருக்கு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பட்டாணி சூப் குடிப்பதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

போர் முடிந்த அந்த இலையுதிர்காலத்தில் ஹார்லனின் மர அறுவை ஆலையில் பலகை வாங்குகிற பெரிய புள்ளி ஒருவர், தானும் மான் வேட்டைக்கு வந்தால் என்ன என்றார். குடிலில் இருந்ததோ ஆளுக்கு ஒன்றாக எண்ணிப் போட்ட கட்டில்கள்தான். ஹார்லன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று வெகுநேரம் பூட்ஸைப் பார்த்தார்.

"மாப்ள, போன வருஷம் உனக்கு இருமல் இருந்துச்சே."

"அது போன வருஷத்தோட போயிருச்சு மச்சான்."

"இருந்தாலும் சொல்றேன். குடில்ல ஈரம் ஜாஸ்தி."

"ஆமா, ஈரம்தான்" என்றார் செல்மர்.

மேற்குக் கரையில் ஒருவரை வெளியேற்ற இதைவிடக் கடுமையான சொற்கள் வழக்கத்தில் இல்லை.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை மாவட்டம் முழுக்கத் தெற்குக் காற்று. பலகை வாங்குபவர் ஹார்லனின் பரணில் உட்கார்ந்து, மூடுபனியில் தன் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தார். செல்மர் தன் வீட்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சிவப்புக் கம்பளிக் கோட்டோடு அதன்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அவருக்கு மேலே இருந்த வானம் நீலமாகத் திறந்தது. விரல் ஆழத்துக்குப் பனி விழுந்து, போதும் என்று நின்றது. வடமேற்கிலிருந்து காற்று வந்து வாத்து இறகு அளவுக்கு அசைத்தது. அந்த நல்ல வானிலையின் ஓரம் துணி கிழித்த மாதிரி நேராக இருந்தது. கோழிக்கூண்டில் பாதிக்குப் பனி, பாதிக்குச் சொதசொதவென்று தூறல், நடுவில் நின்று கோழிகள் யோசித்தன. பிறகு மான்கள் வந்தன. மாவட்டத்தில் படுத்துக் கிடந்த மான்களெல்லாம் எழுந்து, தள்ளுபடிக் கடைக்கு வருகிற பெண்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூடுபனியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தன. கொம்பு விரிந்த பெரிய கலைமான் ஒன்று வாளிக்கு எதிரே நின்றது. செல்மர் சுட்டார். குண்டு தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைப் பெயர்த்தது. மான் ஓட நினைத்தது; வானத்தை ஒருமுறை பார்த்தது; இப்படி ஒரு நாளை விட்டுப் போவதா என்று தோன்றியிருக்க வேண்டும், அங்கேயே நின்றது. வெர்னா சமையலறைக் கதவைத் திறந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், புருஷன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள், ஒரே குண்டில் மானைச் சாய்த்தாள், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுப்புல ரொட்டி கருகுது" என்று உள்ளே போனாள்.

அந்த வானிலை கொட்டகையினுடையதா செல்மருடையதா என்ற சந்தேகம், அவர் மானுக்குத் தடவ உப்பு வாங்க, இரண்டு கரைக்கும் பொதுவாக நாங்கள் வைத்திருந்த மளிகைக்கடைக்கு வந்த அன்று தீர்ந்தது. பனி அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தது. அவர் விலை விசாரித்து முடிப்பதற்குள் கூரை விளிம்பில் பனிக்கட்டி தொங்கியது. பெண்மான் ஒன்று கண்ணாடி வழியே காப்பித்தூள் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஆண்டு காப்பித்தூள் விலை ஏறியிருந்ததால் சனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வேட்டைக்காலம் முடிந்த அன்று வானிலை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் குடித்தனக்காரரைப் போல அமைதியாகக் கிளம்பியது. அடுத்த நவம்பரில் வருமா என்று யாரும் கேட்கவில்லை. வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஹார்லனுக்கும் தெரிந்திருந்தது. இங்கே மேற்குக் கரையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்வதில்லை. காப்பியானாலும் பெண்ணானாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவைதான் "சரி, நீங்க சொல்றதால" என்பார்கள். மூன்றாவதையும் மறுத்தால் உண்மையிலேயே வேண்டாம் என்று பொருள். அதற்குமேல் வற்புறுத்துவது அசிங்கம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்கை அப்படி யாரும் கேட்காமலே விட்டு, அது காய்ந்து கல்லாகிப்போன வீடுகள் உண்டு. பேரத்திலேயே வளர்ந்த எங்களுக்கே இது கண்ணைக் கட்டும். நாங்கள் விலையைக் குறைக்கத்தான் வேண்டாம் என்போம். அவர்கள் ஆசை பெருகப் பெருக வேண்டாம் என்பார்கள்.

அடுத்த செப்டம்பரில் சர்ச்சு முடிந்து சனம் கலைகிற நேரத்தில் ஹார்லன், "இந்த வருஷம் குடிலுக்கு வர்றதுதானே மாப்ள" என்று போகிற போக்கில் சொன்னார். செல்மர், "எனக்கு எதுக்கு மச்சான்" என்றார். அக்டோபர் கடைசியில் ஹார்லன் வீட்டுக்கே வந்து சமையலறையில் உட்கார்ந்தார். வெர்னா காப்பியும் கேக்கும் வைத்தாள்.

"குளிர் வரும்போல" என்றார் ஹார்லன்.

"வரலாம்."

"குடில்ல அந்தக் கட்டில் சும்மாதான் கெடக்கு. நீ வந்து படுக்கலாம்."

"பலகைக்காரரு வரலையா?"

"அவருக்கு ஈரம் ஒத்துக்கல."

"எனக்கும் இருமல் இருக்கே மச்சான். வேணாம்."

"இருமுனா இருமிட்டுப் போ. பட்டாணி சூப்பு வெக்கிறோம். வா."

"உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றார் செல்மர்.

பிறகு அவர் காத்திருந்தார். கதவுக்குப் பின்னால் அவருடைய பை ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தது. வெர்னா புதுச் சட்டைகூடத் தைத்து அதில் வைத்திருந்தாள். இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும். ஆனால் ஹார்லன் சர்ச்சு வாசலில் கேட்டதையும் கணக்கில் சேர்த்திருந்தார். அவரைப் பொறுத்தவரை மூன்று தடவை கேட்டாயிற்று, மூன்று தடவையும் மறுத்தாயிற்று. அவர் முகம் சுருங்க எழுந்து, "காப்பி மோசமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்குக் கரையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதைச் சொல்லிவிட்டு ஒருவர் அத்தனை துக்கத்தோடு வெளியேறி யாரும் பார்த்ததில்லை. செல்மர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வாய்வரை வந்தது. கூப்பிடாத விருந்துக்குப் பின்னாலேயே ஓடுவது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

சர்ச்சு வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டது கணக்கில் சேருமா சேராதா என்று மேற்குக் கரை இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதிரியாரிடம் கேட்டார்கள். இரண்டு தரப்பிலும் காணிக்கை வாங்குபவர் அவர். உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

விஷயம் கிழக்குக் கரைக்கு எட்டியது. போலந்துக்காரர்களிடம் இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே வேண்டாம் என்றால் தட்டில் இன்னும் கொஞ்சம் விழும். ஸ்டாஷ் தன் லாரியை ஓடவிட்டபடியே செல்மர் வீட்டுக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து வண்டியில் எறிந்தான்.

"அண்ணே, பெட்ரோல் வீணாகுது. ஏறுங்க."

"இல்ல தம்பி, எதுக்கு உங்களுக்கு..."

"வர்றீங்களான்னு நான் கேக்கவே இல்லையே. ஏறுங்கன்னுதானே சொல்றேன்."

செல்மர் ஏறிவிட்டார். வானிலையும் ஏரியைச் சுற்றிக்கொண்டு லாரி பின்னால் போனது.

அப்புறம் வந்த வருடங்களில் கிழக்குக் கரையின் பைன் மரங்களில், வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி மான்கள் தொங்கின. செல்மருக்குக் கைவைத்த நாற்காலி போட்டார்கள். ஸ்டாஷின் மனைவி லூட்விகா வாத்து இறகு அடைத்த மெத்தை தைத்துக் கொடுத்தாள். பூண்டு மணக்கும் சாசேஜ், முட்டைக்கோஸ், பிளம் பழச் சாராயம் எல்லாம் நாற்காலிக்கே வந்தன. மேற்குக் கரையிலோ கண்ணுக்குக் கை தெரியாத தூறல். ஒருவர் மூன்று நாள் காலையில் தொடர்ந்து ஒரே மரக்கட்டையைச் சுட்டார். ஹார்லனுடைய காற்றழுத்தமானியின் ஊசி இறங்கிக்கொண்டே போய், வட்டத்தை விட்டு வெளியே வந்து, சுவரில் கீழ்நோக்கி ஊர்ந்து, நான்காம் வருடம் தரைப்பலகையைத் தொட்டது. ஹார்லன் தினமும் காலையில் குனிந்து அதைத் தட்டினார்.

செல்மர் கிழக்கிலும் வருடா வருடம் சுட்டார், தவறவிட்டார். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. குண்டு எங்கேயோ போனதும் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். "காத்து தட்டிவிட்ருச்சு" என்றாள் லூட்விகா. காற்று அப்போது வாத்து இறகு அளவுக்குத்தான் இருந்தது. ஒருநாள் செல்மர் தாளமுடியாமல் கேட்டார்.

"ஸ்டாஷ், தவறவிட்டா நீங்க சட்டைய வெட்ட மாட்டீங்களா?"

"உங்க சட்டையவா?" ஸ்டாஷ் சிலுவை போட்டுக்கொண்டான். "சாமி குத்தமாயிரும்ணே. மேல இருக்கிறவருக்குக் கோவம் வந்து மழை பேஞ்சா, எம் பொண்டாட்டி என்னைய வெட்டிருவா."

அதற்குப் பிறகு மெத்தை அவருக்குக் குத்த ஆரம்பித்தது. அத்தனை சாசேஜ் நடுவில் இருந்தும் கழுத்துக்கும் காலருக்கும் இடையே இடைவெளி விழுந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், மூடுபனிக்குள் எங்கோ தன்னுடைய சுவர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நான்காம் வருடம், வேட்டைக்காலத்தின் நடுவில், வெர்னா மேற்குக் கரைக் குடிலுக்கு நடந்து போனாள். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. உள்ளே இருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, எம் புருஷன் வருஷா வருஷம் முழுச் சட்டையோட வீட்டுக்கு வர்றாரு."

ஹார்லன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"மூணு சட்டை. அலமாரியில முழுசாத் தொங்குது. செத்துப்போனவன் சட்டை மாதிரி இருக்கு. என்னால பாக்க முடியல."

"நான் மூணு தடவ கேட்டேன், வெர்னா."

"சர்ச்சு வாசல்ல கேட்டதெல்லாம் ஒரு கேள்வியா? மழை வருமான்னு அதே மூச்சுல மூணு பேருகிட்ட கேட்டுக்கிட்டிருந்த."

"இனிமே நான் போயி கேட்டா அது நாலாவது. அசிங்கம்."

"அப்ப கேக்காத" என்றாள் வெர்னா. "நனைஞ்சுக்கிட்டே இரு."

அவள் போன பிறகு ஹார்லன் வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றும் வராததால், பழைய வால்கள் ஈரத்தில் இற்றுப்போய் விரிசல்கள் தெரிந்தன. அவற்றின் வழியே தூறல் உள்ளேயே வந்து சூப் பாத்திரத்தில் விழுந்தது. அந்த நேரம் ஏரிக்கு அக்கரையிலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. இரண்டாவது வெடி கேட்கவில்லை. யாரும் கூவவும் இல்லை. அது செல்மருடைய வெடி என்று அடையாளம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஹார்லன் எழுந்து, ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டு, படகை அவிழ்த்தார்.

அக்கரையில் படகு தட்டியபோது, அவருடைய இடது தோளில் தூறலும் வலது தோளில் பனியும் விழுந்தன. ஸ்டாஷின் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஸ்டாஷ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹார்லன் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"தவறிருச்சா மாப்ள?"

"தவறிருச்சு மச்சான்."

"எவ்ளோ தூரம்?"

செல்மர் தலையைக் குனிந்தார். "தும்மியிருந்தா அது மேல பட்டிருக்கும்."

ஹார்லன் கத்தரிக்கோலை எடுத்தார். "திரும்பு."

அது கேள்வி இல்லை, ஆகவே மறுக்கவும் வழியில்லை. செல்மர் பித்தான் தெறிக்கிற வேகத்தில் திரும்பி, சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவி விட்டார். நீலக் கட்டம் போட்ட புதுத் துணி. ஹார்லன் நேராக வெட்டினார். லூட்விகா கண்ணை மூடிக்கொண்டாள், மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானம் நீலமாகவே இருந்தது. வடமேற்குக் காற்று அந்தத் துண்டை, வாத்து இறகாக நினைத்து, அளவோடு அசைத்தது. முதலில் சிரித்தது ஸ்டாஷ்தான். நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. உட்கார்ந்துவிட்டான், அந்த நாற்காலியிலேயே.

சிரித்து முடித்ததும் அவனுக்குக் காரியம் ஞாபகம் வந்தது. ஆனால் அவனும் இத்தனை வருடத்தில் சிலதைக் கற்றிருந்தான். விரலை மடக்கிக்கொண்டு, பாதிக் காலம் அண்ணன் இங்கே இருக்கட்டுமே என்று ஹார்லனைக் கேட்டான். முடியாது என்றார் ஹார்லன். இரண்டாவது விரலை மடக்கிக் கேட்டான். சிரமம் என்றார். மூன்றாவது விரலை மடக்கினான். "சரி, நீ சொல்றதால" என்றார் ஹார்லன். எங்கள் கடைக்குச் சரக்கு விற்க வந்த எந்த மொத்த வியாபாரியும் அத்தனை சுத்தமாகப் பேரம் முடித்ததில்லை.

திரும்பும்போது செல்மர் படகின் பின்பலகையில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஏரி மழையில் குமிழியிட்டுக்கொண்டிருக்க, படகைச் சுற்றி மட்டும் தண்ணீர் உறைந்தது. ஹார்லன் ஒவ்வொரு துடுப்புக்கும் பனிக்கட்டியை உடைத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"மாப்ள, கரை சேர்ற வரைக்கும் இதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா?"

"என் கையில இருந்தா நான் எப்பவோ ஒரு மானச் சுட்டிருக்க மாட்டேனா மச்சான்?"

ஹார்லன் துடுப்பை வைத்துவிட்டு முதுகு குலுங்கச் சிரித்தார். படகு அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பாதி ஏரியை அவர்கள் இறங்கி நடந்தே கடந்தார்கள். செல்மர் முன்னால், காலுக்கடியில் பனிக்கட்டி விரிய விரிய, ஹார்லன் அவர் தடத்தில் படகை இழுத்துக்கொண்டு. பின்னாலேயே மான்களும் இறங்கி வந்தன.

குடிலில் காற்றழுத்தமானியின் ஊசி சுவரில் ஏறி வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஹார்லன் நீலக் கட்டத் துண்டைப் பெரிய விரிசலின் மேல் வைத்து ஆணியடித்து, இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். "மோசமில்ல" என்றார்.

அன்றிலிருந்து முதல் பாதிக் காலம் மேற்கில், அடுத்த பாதி கிழக்கில். கிழக்குக் கரையிலும் இப்போது வெட்டுகிறார்கள். மேலே இருப்பவருக்கு மரியாதையாகச் சின்னத் துண்டுதான் வெட்டுகிறார்கள், ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டு. செல்மர் இன்றுவரை ஒரு மானையும் சுட்டதில்லை. வெர்னா ஒவ்வொரு அக்டோபரிலும் அவருக்கு இரண்டு புதுச் சட்டை தைக்கிறாள். வாலை மட்டும், கத்தரி சிரமப்படக் கூடாது என்று, தளர்ந்த தையலில் தனியாக வைத்துத் தைக்கிறாள்.